லண்டன் மாநகரின் குழாய்நீரும் குடும்பக் கணக்கும்

நாடுகளின் வரலாறு என்றால் மன்னர் முடிசூடியதும், படைகள் மோதியதும், கோட்டைகள் வீழ்ந்ததுமே என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே ஊறிப் போயிருக்கிறது. ஆங்கிலப் பள்ளிக்கூடங்களில் பயின்றோர் இங்கிலாந்து அரசர்களின் பெயர்களை வரிசை பிறழாமல் ஒப்புவிப்பர். ஆனால் அவ்வரசர்களின் தலைநகரிலே வாழ்ந்த ஓர் ஏழைத் தொழிலாளியின் மனைவி, வாரந்தோறும் துணி வெளுப்பதற்கு எத்தனை வாளி நீர் சுமந்தாள், அந்நீரிலே எவ்வளவு சவர்க்காரம் வீணாயிற்று என்று கேட்டால் விழிப்பர். அரசர் வரலாறு ஏட்டில் இருக்கிறது. அடுப்படியின் வரலாறோ கெண்டியின் அடியிலே வெண்பொருக்காய்ப் படிந்து கிடக்கிறது. அப்பொருக்கைச் சிறிது சுரண்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லண்டன் நகரத்துக் குழாய்நீர் கடின நீர் என்று பெயர் பெற்றது. இன்றும் அந்நகரின் பெரும்பகுதியில் ஒரு லிட்டர் குழாய்நீரிலே 200 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட சுண்ணாம்புக் காரம் கரைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெளிவாயும், நாவுக்குச் சுவையாயும் உள்ள இந்நீர், குடிப்பவனுக்குத் தீங்கு செய்வதில்லை; குடும்பம் நடத்துபவளுக்கே தொல்லை தருகிறது. இத்தொல்லை எங்கிருந்து வந்தது, இதனை நீக்கும் வழியை அறிஞர் கண்டுபிடித்த பின்னரும் அது ஏன் நீங்கவில்லை என்பனவற்றை ஆராயுமிடத்து, நமக்கும் பயன்படத்தக்க உண்மைகள் சில புலனாகும்.

நீர் கடினமாவது எங்ஙனம்?

வானினின்றும் விழும் மழைத்துளியில் சுண்ணாம்பு இல்லை. அது காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சிறிது உட்கொண்டு, மெல்லிய புளிப்புத் தன்மை அடைகிறது. அந்நிலையில் அது சுண்ணாம்புக் கல்லின் ஊடே கசிந்து செல்லுமாயின், கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துத் தன்னுடன் எடுத்துச் செல்லும். லண்டன் நகரமோ சீமைச் சுண்ணாம்புப் பாறையாலாகிய பெரியதொரு கிண்ணத்தின் நடுவே அமைந்திருக்கிறது. தேம்ஸ் ஆறு கோட்ஸ்வோல்டு மலைகளின் சுண்ணாம்புக் கல் நிலத்திலே தோன்றி, சில்டர்ன் குன்றுகளின் சுண்ணாம்புப் பாறையை ஊடறுத்து வருகிறது. நகரின் வடபாகத்துக்கு நீர் ஊட்டுவதற்காக 1613ஆம் ஆண்டில் ஹியூ மிடில்டன் என்பார் வெட்டி முடித்த 'புதிய ஆறு' என்னும் கால்வாயும் ஹார்ட்போர்டு நாட்டுப்புறத்துச் சுண்ணாம்பு ஊற்றுக்களிலிருந்தே தொடங்கியது. ஆகவே லண்டன்வாசி எந்தப் பக்கம் கை நீட்டினாலும் அவன் கையில் விழுந்தது சுண்ணாம்பு கரைந்த நீரே.

இந்நீரைக் காய்ச்சினால் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. வாயு போகவே, அதன் துணையினால் கரைந்து நின்ற சுண்ணாம்பு தனித்து நிற்கலாற்றாது பாத்திரத்தின் அடியிலும் பக்கங்களிலும் படிந்துவிடும். இங்ஙனம் காய்ச்சுவதால் நீங்குவதைத் தற்காலிகக் கடினம் என்பர். காய்ச்சியும் நீங்காமல், கந்தகத் தொடர்புடைய சுண்ணாம்பு உப்பு முதலியவற்றால் எஞ்சி நிற்பது நிலைத்த கடினம் எனப்படும்.

இது ஏதோ கடல் கடந்த விந்தை என்று நம் அன்பர்கள் எண்ண வேண்டா. தைப்பூசத்தன்று ஆயிரமாயிரம் மக்கள் ஏறிச் செல்லும் பத்துமலைக் குகையிலே, மேலிருந்து விழுதுபோல் தொங்கும் கற்களும், தரையிலிருந்து தூண்போல் எழும்பி நிற்கும் கற்களும் இம்முறையினாலேயே உண்டாயின. மழைநீர் மலைக்கல்லைக் கரைத்துக் குகைக்குள் சொட்டுகிறது, சொட்டும்பொழுது வாயு பிரிகிறது, சுண்ணாம்பு நிற்கிறது. குகையிலே பல்லாயிரம் ஆண்டுகளில் நிகழும் செயல் லண்டன் இல்லத்தின் கெண்டியிலே சில வாரங்களில் நிகழ்கிறது. அங்கே அதைக் கண்டு கைகூப்புகிறோம். இங்கே அதைச் சுரண்டி எறிகின்றனர். இயற்கைக்கு இரண்டும் ஒன்றே.

அறிஞர் கண்ட உண்மை

இவ்வுண்மை ஒரே நாளில் வெளிப்பட்டதன்று. கரியமில வாயுவின் தன்மையை ஸ்காட்லாந்து அறிஞர் ஜோசப் பிளாக் 1750களில் ஆராய்ந்து வெளியிட்டார். அதன் பின்னர், ஹென்றி காவண்டிஷ் என்னும் மேதை லண்டனில் ராத்போன் பிளேஸ் என்னும் இடத்து நீரை எடுத்துப் பல சோதனைகள் செய்து, 1767இல் தம் முடிவை அரச கழகத்துக்குத் தெரிவித்தார். நீரில் சுண்ணாம்பு கரைந்து நிற்பது அவ்வாயுவின் துணையினாலேயே என்பதும், வாயு நீங்கினால் சுண்ணாம்பு படியும் என்பதும் அவர் கண்டவை.

காவண்டிஷ் பெருஞ்செல்வர். அவர் வீட்டுத் துணியை அவர் வெளுத்ததில்லை. ஆகவே அவர் கண்ட உண்மை பல்லாண்டுகள் அறிஞர் ஏட்டிலேயே உறங்கிக் கிடந்தது. அதனை அடுப்படிக்குக் கொண்டுவர முயன்றவர் அபர்டீன் நகரத்து மாரிஷல் கல்லூரியில் இரசாயனம் போதித்த தாமஸ் கிளார்க் என்பவர். அவர் 1841ஆம் ஆண்டில் நீரை மென்மையாக்கும் முறையொன்றுக்கு உரிமை பெற்றார். அம்முறை கேட்பவரை நகைக்கச் செய்யும். சுண்ணாம்பு மிகுந்த நீரிலே மேலும் சுண்ணாம்பைச் சேர்க்க வேண்டும் என்பதே அது! ஆனால் முள்ளை முள்ளால் எடுப்பது நமக்குப் புதியதன்று. சுட்ட சுண்ணாம்பைக் கரைத்த தெளிநீரைக் கடின நீரில் கலந்தால், அது அங்கிருக்கும் கரியமில வாயுவைப் பற்றிக்கொள்கிறது. வாயுவை இழந்த பழைய சுண்ணாம்பும், வாயுவைப் பெற்ற புதிய சுண்ணாம்பும் ஆகிய இரண்டும் ஒருங்கே வெண்துகளாகிக் கீழே படிந்துவிடுகின்றன. மேலே நிற்கும் தெளிநீர் மென்னீராகும்.

கிளார்க் மற்றொரு நன்மையும் செய்தார். நீரின் கடினத்தை அளப்பதற்கு எளிய வழி வகுத்தார். ஒரு புட்டியில் நீரை எடுத்து, அளவு தெரிந்த சவர்க்காரக் கரைசலைச் சிறிது சிறிதாக விட்டுக் குலுக்க வேண்டும். ஐந்து நிமிஷம் கலையாமல் நுரை நிற்கும் வரையில் எவ்வளவு கரைசல் செலவாயிற்றோ அதுவே கடினத்தின் அளவு. ஒரு காலன் நீரில் ஒரு கிரெயின் எடையுள்ள சுண்ணாம்புக் காரம் இருந்தால் அது ஒரு பாகை. லண்டனில் தேம்ஸ் நீர் இவ்வளவின்படி ஏறத்தாழ 16 பாகை கடினமுடையது எனலாம்.

வீட்டுக்கு நேர்ந்த நட்டம்

சவர்க்காரம் என்பது கொழுப்பின் புளிப்பும் சோடாவும் சேர்ந்த பொருள். அது கடின நீரில் பட்டவுடன் சுண்ணாம்பு குறுக்கே புகுந்து சோடாவைத் தள்ளிவிட்டுத் தான் அவ்விடத்தைப் பிடித்துக் கொள்கிறது. அதனால் உண்டாகும் பொருள் நீரில் கரையாது, நுரை தராது, அழுக்கை அகற்றாது. தயிர் திரிந்தாற்போல் சாம்பல் நிறத்துத் திரையாக மிதந்து, துணியின் இழைகளில் ஒட்டிக்கொள்ளும். நீரில் உள்ள சுண்ணாம்பு முழுவதும் இவ்வாறு வயிறு நிரம்பிய பிறகே, எஞ்சிய சவர்க்காரம் துணியைச் சுத்தம் செய்யத் தொடங்கும். அஃதாவது, லண்டன் இல்லத்தரசி முதலில் ஆற்றுக்குச் சவர்க்காரம் போட வேண்டும். அதன் பின்னரே துணிக்குப் போடலாம்.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பாகைக் கடினமுள்ள ஆயிரம் காலன் நீர், ஓர் இராத்தலுக்குக் குறையாத சவர்க்காரத்தைப் பாழாக்கும். பதினாறு பாகை நீராயின் பதினாறு இராத்தல். ஒரு குடும்பம் வாரத்திற்கு இருபது காலன் நீரிலே துணி வெளுப்பதாக வைத்துக் கொள்வோம். ஆண்டொன்றுக்கு ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட காலன் ஆகும். காய்ச்சாமலும் சோடா சேர்க்காமலும் அந்நீரைப் பயன்படுத்தினால், பதினாறு இராத்தல் சவர்க்காரம் ஒரு சட்டையைக்கூட வெளுக்காமல் சாக்கடைக்குச் சென்றுவிடும்.

இங்கே மற்றொரு கொடுமையையும் கூற வேண்டும். 1712ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்து அரசாங்கம் சவர்க்காரத்தின்மீது வரி விதித்திருந்தது. 1816இல் அவ்வரி இராத்தல் ஒன்றுக்கு 3 பென்ஸ் ஆக உயர்ந்தது. 1833இல் பாதியாகக் குறைக்கப்பட்டது. 1853இல்தான் கிளாட்ஸ்டன் நிதி அமைச்சராயிருந்தபொழுது அறவே நீக்கப்பட்டது. ஆகவே 1816க்கும் 1833க்கும் இடையே, நாம் மேலே கூறிய குடும்பம், வீணான பதினாறு இராத்தலுக்கு வரியாக மட்டும் 48 பென்ஸ், அதாவது 4 ஷில்லிங் செலுத்தியிருக்கும். அழுக்கை அகற்றுவதற்கு வரி. அகற்றாத சவர்க்காரத்துக்கும் அதே வரி! துப்புரவாய் இருப்பதே ஏழைக்கு ஆடம்பரம் ஆயிற்று. பின்னர் அவ்வேழையை நோக்கி, 'நீ அழுக்கன், ஆகையால் நோயாளி' என்று பழித்துரைப்பதற்கும் ஆட்கள் இருந்தனர்.

சவர்க்காரத்தோடு நட்டம் நின்றதா? இல்லை. கடின நீரில் போட்ட தேநீர் சாரம் குறைந்து மங்கலாகி, மேலே ஏடு படிந்து நிற்கும். தேயிலை கூடுதலாகச் செலவாகும். நிலைத்த கடினம் மிக்க நீரிலே பயறும் பட்டாணியும் எளிதில் வேகமாட்டா, எரிபொருள் கூடுதலாகும். கெண்டியின் அடியில் படிந்த பொருக்கு, நெருப்பின் சூட்டை நீருக்குச் செல்லவொட்டாமல் தடுத்து நிற்கும். ஆலைகளில் கொதிகலன்களை மேற்பார்ப்போர் இப்பொருக்கின் தீமையை நன்கு அறிவர். பொருக்கு தடித்தால் விறகு மிகும், இரும்பு அளவுக்கு மேல் காயும், கலன் வெடிக்கவும் கூடும். வெள்ளாவிக்கு நீர் காய்ச்சும் செம்புக் கொப்பரையில் நிகழ்வதும் அதுவே. சவர்க்காரத்தைச் சிக்கனப்படுத்துவதற்காகப் பெண்கள் சலவைச் சோடாவை அள்ளிப் போட்டனர். அது சுண்ணாம்பை அகற்றியது. அவர்கள் கைத்தோலையும் உரித்தது. வசதியுள்ள வீட்டார் கூரையிலிருந்து வழியும் மழைநீரைப் பீப்பாயில் பிடித்துத் துவைத்தனர். ஒரே அறையில் வாழ்ந்த ஏழைக்குக் கூரையும் சொந்தமில்லை, பீப்பாய் வைக்க இடமும் இல்லை.

இத்தனை நட்டமும் எந்தக் கணக்குப் புத்தகத்தில் ஏறின? எதிலும் ஏறவில்லை. அது ஒரு பென்ஸ், அரைப் பென்ஸ் என்று சிதறி, பல்லாயிரம் அடுப்படிகளில் மறைந்து போயிற்று. பெண்ணின் கைவலிக்குப் பேரேட்டில் பத்தி இல்லையன்றோ?

கம்பெனிகளின் கணக்கும் மக்களின் கணக்கும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் நகருக்கு நீர் வழங்கியவை எட்டுத் தனியார் கம்பெனிகள். ஏழைகள் வாழ்ந்த சந்துகளில் பல வீடுகளுக்குப் பொதுவாக ஒரே குழாய். அதிலும் நாளொன்றுக்குச் சிறிது நேரமே நீர் வரும். மக்கள் நலத்துக்கெனப் போராடிய எட்வின் சாட்விக் முதலானோர் அங்கம் வகித்த பொதுச் சுகாதார மன்றம், 1850ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. தேம்ஸ் நீரை அறவே கைவிட்டு, சர்ரி நாட்டு மணற்பாங்கான நிலத்தினின்றும் மென்னீரைக் கொணர வேண்டும் என்று அது கூறிற்று. சவர்க்காரத்திலும் உழைப்பிலும் மக்களுக்கு ஏற்படும் மிச்சத்தையும் அது எடுத்துக் காட்டிற்று. கம்பெனிகள் எதிர்த்தன. திட்டம் நிறைவேறவில்லை.

சர்ரி நீர்தான் தொலைவு. கிளார்க்கின் சுண்ணாம்பு முறை கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததே, அதை ஏன் மேற்கொள்ளவில்லை? பதின்மூன்று பாகைத் தற்காலிகக் கடினமுள்ள ஆயிரம் காலன் நீரை மென்மையாக்க ஒன்றரை இராத்தலுக்கு மேற்படாத சுட்ட சுண்ணாம்பு போதும். அதனால் மிஞ்சும் சவர்க்காரமோ பதின்மூன்று இராத்தலுக்கும் மேல். இலாப நட்டக் கணக்கு ஒரு பள்ளிச் சிறுவனுக்கும் விளங்கும். ஆனால் அக்கணக்கை யார் எழுதுவது? சுண்ணாம்பு வாங்குவது, தொட்டி கட்டுவது, படிந்த சேற்றை வாரி அகற்றுவது ஆகியவை கம்பெனியின் பற்று. மிஞ்சும் சவர்க்காரமும், தேயிலையும், விறகும், கைத்தோலும் குடும்பத்தின் வரவு. ஒருவன் செலவு செய்ய மற்றொருவன் பயன் பெறுவதென்றால், இலாபத்துக்காகவே ஏற்பட்ட கம்பெனி அதற்கு இசையுமோ? பிளம்ஸ்டெட், காட்டர்ஹாம், கான்டர்பரி போன்ற சில இடங்களில் கிளார்க்கின் முறை கையாளப்பட்டது. மாநகரின் பெருங்கம்பெனிகள் அதனைப் பொதுவில் ஏற்கவில்லை. அறிவு இல்லாமையால் அன்று, கணக்கு இரண்டாய்ப் பிரிந்து கிடந்தமையாலேயே லண்டன் நீர் கடினமாக நின்றது.

கடினமும் அழுக்கும் வேறு

இனி நடுநிலையோடு மற்றொரு பக்கத்தையும் நோக்க வேண்டும். சீர்திருத்தக்காரர் சிலர் கடினத்தையும் அழுக்கையும் ஒன்றாகக் கருதிக் குழம்பினர். சுண்ணாம்பு சவர்க்காரத்தைக் கொன்றதேயன்றி மனிதரைக் கொல்லவில்லை. மனிதரைக் கொன்றது மலம்.

1854ஆம் ஆண்டு வாந்திபேதி பரவியபொழுது டாக்டர் ஜான் ஸ்னோ செய்த ஆராய்ச்சி உலகப் புகழ் பெற்றது. சதர்க் வாக்ஸால் கம்பெனி நகரச் சாக்கடைகள் கலந்த இடத்துத் தேம்ஸ் நீரை வழங்கியது. லாம்பெத் கம்பெனியோ 1852இலேயே ஆற்றின் மேற்பகுதிக்குச் சென்று, அழுக்கு கலவாத இடத்தில் நீர் எடுத்தது. ஸ்னோவின் கணக்கின்படி, முன்னைய கம்பெனியின் நீரைப் பெற்ற ஒவ்வொரு பதினாயிரம் வீட்டிலும் 315 பேர் மாண்டனர். பின்னைய கம்பெனியின் நீரைப் பெற்ற பதினாயிரம் வீட்டில் 37 பேரே மாண்டனர். இரண்டும் தேம்ஸ் நீர். இரண்டிலும் சுண்ணாம்பு உண்டு. வேறுபாடு அழுக்கிலே இருந்தது.

அதே ஆண்டில் ஸோஹோப் பகுதியின் பிராட் தெருவிலிருந்த பம்பின் நீரால் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். அப்பம்பின் நீர் சுவையுடையதென்று பெயர் பெற்றிருந்தது. தொலைவிலுள்ள ஹாம்ப்ஸ்டெட்டில் குடியேறிய மூதாட்டி ஒருவர், அச்சுவையை விரும்பி நாள்தோறும் தருவித்துக் குடித்து உயிர் நீத்தார். நாவின் சான்று எவ்வளவு பொய்யானது என்பதற்கு இதனினும் வேறு எடுத்துக்காட்டு வேண்டுமோ? 1852ஆம் ஆண்டுச் சட்டம், கம்பெனிகள் டெடிங்டன் மதகுக்கு மேலிருந்தே தேம்ஸ் நீர் எடுக்க வேண்டும், வீட்டு உபயோக நீரை வடிகட்ட வேண்டும் என்று கட்டளையிட்டது. உயிர் காக்கும் செயலை முதலில் செய்தது சரியே. ஆனால் உயிர் காத்த பின்னரும், சவர்க்காரச் சுமை இல்லத்தரசியின் தலையிலேயே விடப்பட்டது. 1902ஆம் ஆண்டுச் சட்டத்தினால் எட்டுக் கம்பெனிகளும் ஒழிந்து பொது மன்றம் ஒன்றின் கீழ் நீர் வழங்கல் வந்தது. 1989இல் இங்கிலாந்தின் நீர்த்துறை மீண்டும் தனியார் கைக்கு மாறிற்று. உடைமை இருமுறை கைமாறியும் கெண்டியின் பொருக்கு மாறவில்லை.

கிளாஸ்கோ கற்பிக்கும் பாடம்

லண்டன் தயங்கி நின்றபொழுது வடக்கே கிளாஸ்கோ நகரம் துணிந்து முன்சென்றது. அந்நகர மன்றம் தனியார் கம்பெனியின் நீரை நம்பியிராமல், ஏறத்தாழ 34 மைல் தொலைவிலுள்ள காட்ரின் ஏரியிலிருந்து மலைகளைக் குடைந்து நீர் கொணர்ந்தது. பொறியியலார் ஜான் பேட்மன் வகுத்த அத்திட்டத்தை 1859ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் விக்டோரியா அரசியார் திறந்து வைத்தார். சுண்ணாம்பில்லாக் கடும்பாறை மலைகளில் பெய்த மழை அந்நீர். அதன் கடினம் ஏறத்தாழ ஒரு பாகையே. சவர்க்காரச் செலவு வெகுவாய்க் குறைந்தது என்று நகரத்தார் பெருமை கொண்டனர். ஏழை வீட்டிலும் செல்வர் வீட்டிலும் ஒரே நீர் நுரைத்தது.

ஆயினும் மென்மைக்கும் ஒரு விலை இருந்தது. அக்காலத்தில் வீடுகளுக்குள் நீர் சென்ற குழாய்கள் ஈயத்தால் ஆனவை. கடின நீர் ஈயக் குழாயின் உட்புறத்தில் பொருக்காய்ப் படிந்து திரைபோல் காக்கும். மென்னீரோ, சிறிது புளிப்புத் தன்மையும் உடையதாயின், ஈயத்தை மெல்ல மெல்லக் கரைத்துக் குடிப்பவர் உடம்பில் சேர்க்கும். இவ்வையத்தை இரசாயன அறிஞர் சிலர் திட்டம் விவாதிக்கப்பட்ட காலத்திலேயே எழுப்பினர். அது தக்கவாறு மதிக்கப்படவில்லை. பல தலைமுறைகள் கழிந்த பின்னரே குழந்தைகளின் மூளைக்கு ஈயம் செய்யும் தீங்கு தெளிவாயிற்று. 1978 முதல் கிளாஸ்கோ நீரின் புளிப்பைப் போக்க அதில் சுண்ணாம்பு சேர்க்கப்பட்டது. 1989இல் பாஸ்பேட்டும் சேர்க்கப்பட்டது. சுண்ணாம்பில்லை என்று பெருமை கொண்ட நகரம் சுண்ணாம்பை விலைகொடுத்து வாங்கியது!

இதனால் மென்னீர் தீது, கடின நீர் நன்று என்று முடிவு கட்டலாகாது. ஒரு நன்மையைக் கண்டவுடன் மற்றக் கேள்விகளை மூடிவைப்பது தவறு என்பதே பாடம். எதிர்த்துக் கேட்டவனின் வினா, எதிரியின் வினா என்பதற்காகவே தள்ளத்தக்கதாகாது.

பிற்காலம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ராபர்ட் கான்ஸ் என்பவர், நீரிலுள்ள சுண்ணாம்பை வாங்கிக்கொண்டு அதற்கீடாகச் சோடியத்தைக் கொடுக்கும் செயற்கைப் பொருளைக் கண்டார். அதன் வலிமை குன்றியபொழுது சாதாரண உப்பு நீரை விட்டால் மீண்டும் உயிர் பெறும். இந்நாளில் வீடுகளில் வைக்கப்படும் மென்மையாக்கும் கருவிகள் அதன் வழித்தோன்றல்களே. சுண்ணாம்புக்குப் பணியாத செயற்கைச் சலவைத் தூள்கள் 1930களிலும் 1940களிலும் அமெரிக்காவில் பரவி, பின்னர் உலகெங்கும் சென்றன. சலவைத் தொட்டியின் போராட்டம் அதனால் பெரும்பாலும் ஓய்ந்தது. எனினும் கெண்டியிலும், வெந்நீர்க் கலனிலும், நீர் தெளிக்கும் குழாயின் துளைகளிலும் சுண்ணாம்பு இன்றும் தன் ஆட்சியைச் செலுத்துகிறது. சிறிது காடியோ எலுமிச்சைச் சாறோ விட்டு ஊறவைத்தால் அது கரைந்துவிடும் என்பதை நம் பெண்மணிகளும் அறிந்து கொள்ளலாம்.

வாணிகர் கூற்றையெல்லாம் நம்பிவிடவும் கூடாது. கடின நீரால் குழந்தைகளின் தோல்நோய் மிகுமென்றும், கருவியை வாங்கினால் அது தணியுமென்றும் பலர் நம்பினர். இங்கிலாந்தில் 336 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2011இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கருவியால் அந்நோய் கூடுதலாய்த் தணிந்ததாகக் காணப்படவில்லை. குடிநீரின் கடினத்துக்கு உடல்நலம் கருதிய எல்லை எதனையும் உலகச் சுகாதார நிறுவனம் வகுக்கவில்லை. ஆகவே கடின நீர் தொல்லை எனலாம். நஞ்சு என்று அஞ்சுதல் வேண்டா.

நாம் கொள்ளத்தக்கது

மலாயாவின் பெரும்பாலான மலைகள் கருங்கல் மலைகள். அவற்றினின்றும் இறங்கும் ஓடைகள் மென்மையானவை. கிந்தாப் பள்ளத்தாக்கு போன்ற சுண்ணாம்புக் கல் நிலங்களில் தோண்டிய கிணற்று நீர் கடினமாதல் இயல்பு. தாய்நாட்டுச் சிற்றூர்களிலும் 'பருப்பு வேகாத தண்ணீர்' என்று பெயர் பெற்ற கிணறுகளை நாம் அறிவோம். அத்தகைய இடங்களில் பருப்பு வேகவில்லையென்றால் மனைவியின் கைராசியைக் குறை கூறுவதும், வெள்ளைத் துணி பழுப்பானால் வெளுப்பவனை ஏசுவதும், கிணற்றுக்குச் சாபம் உண்டென்று பூசை போடுவதும் நம்மவர் வழக்கம். கணவன் ஏசுகிறான்; மாமியார் இடித்துரைக்கிறாள்; பூசாரி காசு பெறுகிறான். சுண்ணாம்போ எவர் பேச்சுக்கும் செவி சாய்க்காமல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

தோழர்களே! இரண்டு புட்டிகளை எடுங்கள். ஒன்றில் மழைநீரும் மற்றொன்றில் கிணற்று நீரும் சம அளவாக விட்டு, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு சவர்க்காரத்தைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நிற்பது எது, தயிர்போல் திரிவது எது என்று உங்கள் கண்ணே சொல்லும். இதற்குச் சோதிடர் வேண்டா. பெரிய படிப்பும் வேண்டா. பள்ளிப் பிள்ளைகள் செய்யலாம், தாய்மார் பார்க்கலாம். குற்றம் நீரில் இருக்கப் பெண்ணைப் பழிக்கும் பழக்கம் அன்றோடு ஒழியட்டும்.

நீர் வழங்குவோரிடத்தும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. 'குழாய் வரையில் எவ்வளவு செலவு?' என்பது அவர்கள் கணக்கு. 'குழாய்க்கு இப்பால், வீட்டுக்குள்ளே எவ்வளவு செலவு?' என்பது நம் கணக்கு. லண்டனில் இவ்விரண்டு கணக்கும் ஒரே புத்தகத்தில் எழுதப்படாமையால், கண்டுபிடித்த பரிகாரம் கையிலிருந்தும் மக்களுக்குப் பயன்படாது போயிற்று. நீராயினும், விளக்காயினும், பள்ளியாயினும், பொதுவாய் வழங்கப்படும் எதற்கும் இவ்விரண்டையும் கூட்டிப் பார்த்த தொகையே உண்மையான விலையாகும். அத்தொகையைக் கூட்டிக் காட்டும்படி கேட்பது, வீட்டுச் செலவைச் சுமப்போர் அனைவருக்கும், சிறப்பாக அச்சுமையின் பெரும்பகுதியைத் தாங்கும் பெண்களுக்கும் உள்ள உரிமையாகும்.